மதிலுக்கு வெளியே நின்று சொன்ன கதை

மார்ச் 31, 2022, வியாழன்

13 மணிநேரம் கரண்ட் இல்லை. ஜம்பட்டா வீதியில் கடைக்காரர்கள் மெழுகுதிரி கொளுத்திவைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். சுற்றுலா வழிகாட்டியின் வான் நேற்றிரவிலிருந்து டீசல் வரிசையில் நிற்கிறது. அவரும் அதற்குள்தான் படுத்தெழும்பினார். முன்சீட்டில் பயணக் கணக்குக் கொப்பி கிடந்தது. இந்த மாதப் பக்கங்கள் அநேகமாக வெறுமை. பெப்ரவரி 24இல் உக்ரேனில் போர் தொடங்கியதும் ரஷ்யப் பயணிகளின் பதிவுகள் அறுந்துபோயின. மார்ச் 7இல் ரூபாவை மிதக்கவிட்டார்கள். 200இல் நின்ற டொலர் இப்போது 300ஐ நெருங்கிவிட்டது. அந்த வெற்றுப் பக்கங்களில்தான் அவர் எழுதத் தொடங்கினார்.

மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டைச் சனம் சுற்றிவிட்டதாம். வரிசை முழுக்கப் போன் வெளிச்சம்.

ஏப்ரல் 3, ஞாயிறு

ஊரடங்கு. பேஸ்புக் வேலை செய்யவில்லை. வெள்ளவத்தையிலிருந்து பெரியம்மா திரும்பத் திரும்பப் போன் எடுக்கிறார்.

ஏப்ரல் 7, வியாழன்

ஒரு ஜெர்மன் தம்பதி, எழுபது வயதைத் தாண்டியவர்கள். விமானம் ஏறுவதற்குள் கொழும்பை ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்றார்கள். கம்பனி கொடுத்த தாளில் களனி விகாரையும் இருந்தது; டீசலை எண்ணிப் பார்த்து அதை வெட்டினார் வழிகாட்டி.

காலையில் கோட்டை. சத்தாம் வீதிச் சந்தியில் மணிக்கூட்டுக் கோபுரம். ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி வரைந்த வடிவம் அது. 1857இல் கட்டி முடித்து, பத்து வருடம் கழித்து உச்சியில் விளக்கேற்றிக் கலங்கரை விளக்கமும் ஆக்கினார்கள். பக்கத்துக் கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்ததால் 1952இல் விளக்கு அணைந்தது. பிறகு புறக்கோட்டை. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், 1909இல் முடிந்தது. அடுத்து வுல்பெண்டால் தேவாலயம். 1749இல் அத்திவாரம் போட்டு, 1757இல் திறந்தார்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தின் கல்லறைக் கற்களை 1813இல் இங்கே கொண்டுவந்து பதித்ததால், ஒல்லாந்த ஆளுநர்களின் பெயர்களை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும்.

மத்தியானம் தேசிய அரும்பொருட்சாலை. வாப்பிச்சி மரைக்கார் கட்டி 1877இல் திறந்த கட்டடம். வழிகாட்டி அங்கே எப்போதும் நேரம் எடுத்துக்கொள்வது ஒரு கல்லின் முன்தான். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல். ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் மூன்று நேர்ச்சைகள். சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. பொன்னும் வெள்ளியும் பட்டும் ஏறக்குறைய ஒரே அளவில். 1911இல் காலியில் ஒரு வாய்க்காலுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தபோதுதான் பொறியியலாளர் ஒருவரின் கண்ணில் பட்டது.

அந்த அம்மையார் தமிழ் வரிகளை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்களுடைய கோயில்கள் இந்தத் தாளில் எங்கே?"

தாளில் எதுவும் இல்லை. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள் இரண்டையும், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரத்தையும் வான் ஒவ்வொரு முறையும் கடந்துதான் போகிறது. நிறுத்தம் கிடையாது. நேரம் போதாது என்று சொன்னார். அது உண்மையும்கூட.

ஏப்ரல் 10, ஞாயிறு

நேற்றிலிருந்து காலிமுகத்திடல் போராட்டக்காரர்களால் நிறைந்து கிடக்கிறது. கூடாரம், சாப்பாடு, ஒரு நூலகம். 1859இல் ஆளுநர் வார்ட் இந்தத் திடலை ஒழுங்குபண்ணி, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகத் தனக்குப் பின்வருவோர் இதைப் பேண வேண்டும் என்று கல்லில் பொறித்துவைத்தார். அந்தக் கல்லின் பக்கத்தில் இன்று பிள்ளைகள் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடுகிறார்களாம். 2016இல் சுதந்திர தின விழாவில் தமிழில் பாடினார்கள், 2020இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதைத் திடலில் நிற்கும் சிங்களப் பெடியன்கள் பாடுகிறார்கள் என்றால் அதை நேரில் கேட்க வேண்டும்.

பெரியம்மாவிடம் சொன்னார்.

"தம்பி, அந்தப் பக்கம் போகாதை. அவையள் சத்தம் போடட்டும். கடைசியா அடி விழுறது எங்களுக்குத்தான்."

"இது வேற, பெரியம்மா."

"எல்லாம் வேறயாத்தான் தொடங்கும்."

போகவில்லை.

ஏப்ரல் 12, செவ்வாய்

வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை.

ஏப்ரல் 21, வியாழன்

வான் ஓடாது. கால் ஓடும். நான்கு பேர் கொண்ட ஒரு சிறு கூட்டத்தை இன்று கொட்டாஞ்சேனையைச் சுற்றி நடத்திக் காட்டினார். புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்தைச் சிறு வயதிலிருந்து அண்ணாந்து பார்த்தவர், அதன் கீழே நின்று காசுக்குக் கதை சொல்வது இதுவே முதல் தடவை.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போது வாய் அடைத்தது. 2019இல் இதே தேதி, உயிர்த்த ஞாயிறு காலை. நாடு முழுவதும் 260 பேருக்கு மேல் இறந்த நாளின் ஒரு குண்டு இங்கே வெடித்தது. ஜூன் 12இல் கோயிலைத் திரும்பத் திறந்தார்கள். இன்று பூசைக்கு வந்தவர்களில் சைவப் பெண்களும் இருந்தார்கள். அந்தோனியாரிடம் செவ்வாய்க்குச் செவ்வாய் வந்து பழகியவர்கள். நடந்து போகும் தூரத்தில் பொன்னம்பலவாணேஸ்வரம். பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டியதை, அவர் மகன் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை கருங்கல்லால் திரும்ப எழுப்பினார். கல் தூணின் குளிர்ச்சியில் நான்கு பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்தத் தெருக்களுக்கு இன்னொரு உயிர்த்த ஞாயிறும் உண்டு. 1883 மார்ச் 25. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராமய விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் மோதல். பௌத்தருக்கு நீதி கேட்டு பிரம்மஞான சபைத் தலைவர் ஒல்கொட் இலண்டன் வரை போனதன் பின்தொடர்ச்சியாகத்தான் 1885இல் வெசாக் பொது விடுமுறை ஆனது. அந்த வெசாக்கில் பௌத்தக் கொடி முதன்முதலில் ஏறியதும் கொட்டாஞ்சேனையில். இவ்வளவு இருக்கிற ஊரை விட்டுவிட்டுக் கப்பல் துறைமுகத்தையும் கடைத்தொகுதியையும் காட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. நல்ல ஆத்திரம். இரவு தூக்கம் வரவில்லை, நடைப் பாதை ஒன்றைத் தாளில் வரைந்தார்.

மே 9, திங்கள்

அரசாங்க ஆதரவாளர்கள் திடலுக்குள் புகுந்து அடித்து நொறுக்கிவிட்டார்கள். பிரதமர் விலகினார். ஊரடங்கு. கதவைத் திறக்காதே என்று பெரியம்மா.

மே 18, புதன்

போனார். திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி, போரின் கடைசி நாட்களின் நினைவாக. பெரிய பானை, உப்பும் அரிசியும். பிக்குமாரும் பாதிரிமாரும் சிங்களப் பெண்களும் வரிசையில் நின்று கையேந்தி வாங்கினார்கள். கொழும்பில், கடற்காற்றில், பட்டப்பகலில். ஒரு பெடியன் அவரிடம் சிங்களத்தில் கேட்டான்: "ஏன் அங்கிள் இதில் ஒன்றுமே போடவில்லை?" போடுவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை என்று சொன்னார். அவன் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை.

பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 28, செவ்வாய்

அத்தியாவசிய சேவைகளைத் தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை, ஜூலை 10 வரை. சுற்றுலா வான் அத்தியாவசியம் அல்ல. டீசல் லீற்றர் 460 ரூபா, அதுவும் இருந்தால். மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்காவில் ரஷ்ய விமானம் ஒன்றைத் தடுத்துவைத்ததோடு வந்த கொஞ்ச நஞ்சப் பேரும் நின்றுபோனார்கள். லீசிங் காசு கட்டவில்லை. மகளுக்கு மீன் ரின் ஒன்று வாங்கினார்.

ஜூலை 10, ஞாயிறு

நேற்று ஜனாதிபதி மாளிகை, அலரி மாளிகை, காலிமுகத்திடலில் 1930இல் திறந்த பழைய பாராளுமன்றக் கட்டடம் என எல்லாவற்றுக்குள்ளும் சனம் புகுந்துவிட்டது. இன்று காலை வழிகாட்டி கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை வழியாக நடந்தே கோட்டைக்குப் போனார்.

மாளிகை வாசலில் வரிசை. டீசல் வரிசை போலில்லை. பிள்ளைகளைத் தோளில் தூக்கியபடி, பிஸ்கட் பகிர்ந்தபடி. தொண்டர்கள் வழிவிட்டு, பொருட்களைத் தொடாதீர்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே கண்டெடுத்த 1 கோடியே 78 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாவைப் பெடியன்கள் எண்ணிப் பொலிசாரிடம் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு.

இந்த வீட்டின் கதையை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். எல்லாம் தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்று. கடைசி ஒல்லாந்த ஆளுநர் வான் அங்கெல்பெக் கட்டிய வீடு. அவருடைய பேத்திக்குப் போய், அவள் கணவர் லெஸ்லி என்ற பிரித்தானிய அதிகாரியின் கைக்கு வந்தது. லெஸ்லி சம்பளப் பட்டுவாடா அதிகாரி. கணக்கில் 10,000 பவுண் குறைந்தது. அதை ஈடுகட்ட 1804இல் வீட்டை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆளுநர்களும் ஜனாதிபதிகளும் குடியிருந்தது ஒரு கடனுக்கு வந்த வீட்டில்.

மாடிப்படியில் வரிசை தேங்கி நின்றபோது முன்னால் நின்ற குடும்பத்துக்கு இதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். பின்னால் நின்றவர்கள் "சத்தமாச் சொல்லுங்கோ" என்றார்கள். கடன் என்ற சொல் வந்ததும் படி முழுக்கக் கைதட்டல். பிறகு அவரை விடவில்லை. முன்னால் நிற்கும் எட்வர்ட் பார்ன்ஸ் சிலையிலிருந்துதான் நாட்டின் வீதித் தூரங்களை அளக்கிறார்கள் என்றார். எங்கள் ஊர்க் கிலோமீற்றர் கல்லும் இங்கிருந்தா என்று மொனராகலையிலிருந்து வந்த ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார். தொண்டை கட்டியது. ஒருவரும் காசு தரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. இந்த வருடத்தில் அவர் மனம் நிறைந்து செய்த வேலை இதுதான்.

வெளியே வரும்போது ஒரு வயதான அம்மா கேட்டார்: "மகனே, இந்தத் தெருவை ஏன் இவ்வளவு காலம் எங்களுக்குப் பூட்டி வைத்தார்கள்?"

1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக்குள் புலிகளின் குண்டு லொறி புகுந்ததைச் சொன்னார். 90 பேருக்கு மேல் இறந்ததை, கண்ணாடிச் சிதறலில் பார்வை இழந்தவர்களை, அதற்குப் பிறகு கோட்டை மூடிய கதையை. அம்மா தலையாட்டினார். "ஐயா எந்த ஊர்?"

"கொட்டாஞ்சேனை."

"ஆ, தமிழா." குரலில் கசப்பில்லை. தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

1996ஐச் சொன்னார். 1983ஐச் சொல்லவில்லை. அந்த அம்மா கேட்கவும் இல்லை.

ஜூலை 14, வியாழன்

சிங்கப்பூரிலிருந்து ஜனாதிபதியின் விலகல் கடிதம். தெருவில் பட்டாசு. மாளிகையைப் போராட்டக்காரர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

ஜூலை 22, வெள்ளி

விடியமுன் இராணுவம் திடலுக்குள். கூடாரங்களைப் பிடுங்கினார்கள்.

ஜூலை 23, சனி

வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் போனார். பெரியம்மா விளக்கேற்றி வைத்திருந்தார். 1983இல் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட நாள் இது. மறுநாள் இரவு பொரளையில் தமிழருக்கு எதிராகத் தொடங்கிய கலவரம் 25ஆம் தேதி வெள்ளவத்தைக்கு வந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் நாட்கணக்காக நிலத்தில் கிடந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனதைப் பெரியம்மா சொன்னார். ஒளித்து வைத்துக் காப்பாற்றிய பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் பெயர்களைச் சொன்னார். எல்லாம் கேட்ட கதைதான். இந்த முறை அவர் இடையில் ஒழுங்கையின் இலக்கத்தைக் கேட்டார், எந்தப் பக்கத்து வீடு என்று கேட்டார், எத்தனை மணி என்று கேட்டார்.

"ஏனடா விசாரிக்கிறாய்?"

பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, சனி

முதல் பதிவு. ரொறன்ரோவிலிருந்து ஒரு தகப்பன், இரண்டு மகள்கள். எரிபொருள் கியூஆர் பங்கீட்டில் வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அதற்குள் நாளை அடக்க வேண்டும். காலையில் கோட்டை, செட்டியார் தெரு, கொச்சிக்கடை. கதிரேசன் கோயில்கள் இரண்டிலும் நிறுத்தினார். ஆடிவேல் எப்படி இங்கிருந்து தேரில் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் போகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். தங்கள் அப்பா அந்தத் தேரின் பின்னால் ஓடியிருப்பாரா என்று அவர்கள் சிரித்தார்கள்.

மத்தியானம் வெள்ளவத்தை. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் பார்த்தார்கள். பிறகு தகப்பன் வானை நிறுத்தச் சொன்னார். தாங்கள் குடியிருந்த வீடு கடற்பக்கத்து ஒழுங்கை ஒன்றில், அப்போது தனக்குப் பதினொரு வயது, சந்தியில் ஒரு பேக்கரி, பின்வளவில் மா, இரவில் ரயில் சத்தம். ஒழுங்கையில் இப்போது இரண்டு பக்கமும் மாடிக் குடியிருப்புகள். "இதுதான்" என்றார். மூத்த மகள் போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினாள், இளையவள் வழிகாட்டியைப் பார்த்தாள்: "இங்கே என்ன நடந்தது?"

ஆண்டைச் சொன்னார், நாளைச் சொன்னார், பட்டியலைச் சொன்னார். மாளிகைப் படியில் வந்த சரளம் வரவில்லை. தகப்பன் இடைமறித்து, அவர்கள் வந்தது காலையில் என்றார். மத்தியானம் என்று பெரியம்மா சொல்லியிருந்தார்.

பெரியம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டார். "பேக்கரி இருந்தது அந்த ஒழுங்கையில் இல்லை, தம்பி. அதுக்கு இங்கால மற்றது. அவருக்கு மாறிப்போச்சு." தகப்பன் இல்லை என்றார். தெரியும் என்றார். பெரியம்மா அவருடைய வீட்டுப் பெயரைக் கேட்டார், தகப்பனின் தகப்பன் எங்கே வேலை செய்தார் என்று கேட்டார், போனிலேயே இருவரும் வாதாடினார்கள். இருட்டிவிட்டது, மற்ற ஒழுங்கையைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை திரும்ப வருகிறார்கள். பெரியம்மாவும் வானில் வருவாராம். ஒன்பது லீற்றர் மீதி.