வின்ட்சரிற் கண்ட சவாரி உடை

இங்கிலாந்திலே வசந்தம் பிறந்ததும் குதிரைக் காட்சிகள் தொடங்கிவிடும். வின்ட்சர் கோட்டையருகே 1943 ஆம் ஆண்டு ஆரம்பமான காட்சியைக் காண ஒரு மே மாதத்திற் சென்றிருந்தேன். அங்குள்ள உடைக் கடையொன்றிலே சவாரிக் காற்சட்டையை ‘ஜோத்பூர்’ என்றழைக்கக் கேட்டு வியந்தேன். அது இராசத்தான் நகரொன்றின் பெயர். அந்நகரத்துச் சேர் பிரதாப் சிங் 1897 இல் விக்டோரியா மகாராணியாரின் வைர விழாவுக்கு வந்தபின் அவ்வுடை ஆங்கிலேயரிடையே பரவிற்று.

கடையில் ஒரு தந்தையார் தம் மகளுக்கு, பிறர் அணிந்து விற்ற மேற்சட்டையையும் காற்சட்டையையும் வாங்கினார். தலைக்கவசத்தை மட்டும் புதிதாகத் தெரிந்தெடுத்தார். “ஒருமுறை அடிபட்ட கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினும் உள்ளே வலுவிழந்திருக்கலாம்” என்றார்.

அழகிற் சிக்கனம் செய்யலாம், உயிர்க்காப்பிலே செய்யலாகாது. இப்பாடம் குதிரை ஏறாதார்க்கும் உரியதன்றோ?