குளியலறைக் கதவைத் திறந்து வையுங்கள்

ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சீசன். ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்கி, மலைமேல் மேகம் உட்கார்ந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் லாட்ஜுகளில் இடம் கிடைக்காது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்துணியோடு அறைக்குள் நுழைவார்கள். மேலில் தேய்த்த எண்ணெய் குளியலறைத் தரையில் படியும். போர்வெல் தண்ணீரின் உப்பு குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஒரு குடும்பம் அறையைக் காலி செய்து, அடுத்த குடும்பத்தின் வேன் வாசலில் வந்து நிற்பதற்குள் இத்தனையும் போயாக வேண்டும்.

நான் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அப்படியொரு லாட்ஜில் ரூம் பாயாகச் சேர்ந்தேன். அங்கே சுத்தம் செய்ய எங்களுக்குக் கொடுத்தவை மூன்று: ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், பினாயில். ஆசிட் லோடு ஆட்டோவில் கேனாக வரும். அதைப் பழைய குடிதண்ணீர் பாட்டில்களில் ஊற்றி மாடிக்கு ஒன்றாக வைத்துவிடுவார்கள். பாட்டிலில் தண்ணீர்க் கம்பெனியின் பெயர் அப்படியே இருக்கும். ப்ளீச்சிங் பவுடர் மூட்டையாக மாடிப்படிக்குக் கீழே கிடக்கும். மேல்தொட்டிக்கும் அதுதான், கழிவறைக்கும் அதுதான். சாரல் காலத்தில் அந்தத் தூள் ஈரம் குடித்துக் கட்டிபட்டு வீரியம் குறைந்துவிடும். அதனால் அள்ளுகிற கை தானாகவே தாராளமாகும். அளவு என்று ஒன்று கிடையாது. இதையும் அதையும் சேர்க்கக் கூடாது என்று சொன்னவரும் கிடையாது.

அன்று ஒரு குளியலறையில் ஆசிட் ஊற்றித் தேய்த்தும் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. ஆசிட் உப்பைக் கரைக்குமே தவிர எண்ணெயை ஒன்றும் செய்யாது, அதற்குச் சோப்புத்தான் வேண்டும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. எல்லோரும் செய்வதுபோல நானும் ஒரு கை பவுடரை அள்ளி அதன்மேல் போட்டுவிட்டுக் குனிந்து தேய்த்தேன். தரை நுரைத்துச் சீறியது. மூக்கில் ஏறிய நெடி தொண்டைக்குள் இறங்கியதும் மூச்சு அப்படியே நின்றுவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. சாரல் உள்ளே வரக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தோம். கதவும் பாதி சாத்தியிருந்தது.

பக்கத்து அறையில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த அக்காதான் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். "ஏல, மூஞ்சியக் கழுவுல. ஒரு துண்டு கருப்பட்டிய வாயில போட்டுக்கோ, சரியாப் போயிரும். எனக்கும் இப்பிடி வந்திருக்கு" என்றாள். கருப்பட்டியை வாங்கிச் சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் இருமலும் அடங்கியது. அடுத்த அறைக்குப் போனேன்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உடம்புக்கு முடியாதவன் என்று பெயர் வாங்கினால் அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். அந்த அக்காவும் அப்படித்தான் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான். ஆகவே அந்த லாட்ஜில் அதுவரை ஒரு விபத்தும் நடந்ததில்லை என்று முதலாளி நம்பியதில் வியப்பில்லை.

இரவு படுக்க முடியவில்லை. நெஞ்சில் கல்லை வைத்தாற்போல ஒரு அழுத்தம். மூச்சை இழுத்தால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற மாதிரி ஒரு சத்தம். உடன் தங்கியிருந்தவர்கள் என்னை ஆட்டோவில் ஏற்றித் தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். பணியில் இருந்த டாக்டர் அம்மா முதலில் கேட்டது, "எதோட எதைக் கலந்தே?" என்றுதான். குளோரின் வாயு நுரையீரலின் ஈரத்தில் பட்டு அமிலமாக மாறிப் புண்ணாக்கும் என்றும், அந்தப் புண்ணில் நீர் கோப்பதற்குப் பல மணி நேரம்கூட ஆகலாம் என்றும் அவர்தான் சொன்னார். மதியம் நன்றாக இருந்தவன் ராத்திரி மூச்சுக்குத் திணறியது அதனால்தான். கருப்பட்டிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரத்துப் போர்முனையில் ஜெர்மன் படை சிலிண்டர்களிலிருந்து திறந்துவிட்டதும் இதே குளோரின்தான். இதைப் படித்த பிறகு அந்தக் குளியலறையை ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தடிக்கு ஏழடி, உயரம் எட்டடி. சுமார் 8,000 லிட்டர் காற்று. நல்ல ப்ளீச்சிங் பவுடரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆசிட் பட்டால் குளோரினாக வெளிவரக்கூடியது. ஒரு மேசைக்கரண்டித் தூளை 10 கிராம் என்று வைத்துக்கொண்டால் 3 கிராமுக்கு மேல் குளோரின் வரும். வாயுவாகப் பார்த்தால் அது சுமார் ஒரு லிட்டர். 8,000 லிட்டரில் ஒரு லிட்டர் என்றால் பத்து லட்சத்தில் 125 பங்கு. நம் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருந்த சராசரி வரம்பு பத்து லட்சத்தில் 1 பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் நலத்துறையினர் குறித்திருப்பது 10 பங்கு. தூள் முழுவதும் ஒரே நொடியில் வாயுவாகிவிடாது என்பது உண்மை. பத்தில் ஒரு பாகம் வெளிவந்தாலே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. நான் போட்டதோ கரண்டி அளவு இல்லை, ஒரு கை.

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. தரையை ஒட்டித்தான் நிற்கும். வாசலில் நின்று எட்டிப்பார்க்கும் மேனேஜரின் மூக்குக்கு "லேசா ஆசிட் வாடை" என்று தெரிவது, குத்துக்கால் போட்டுத் தேய்க்கிறவளின் முகத்துக்கு நேரே பல மடங்காக இருக்கும். ரசாயன ஆபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாட்டிலைப் பார்க்கிறார்கள். வேலையைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அலமாரியில் இருக்கும்வரை ஆசிட்டும் பவுடரும் அதனதன் பாட்டுக்கு இருந்தன. சாத்திய ஜன்னலும், குனிந்த முகமும், வாசலில் காத்திருக்கும் வேனும் சேர்ந்த பிறகுதான் அவை நஞ்சாயின.

சட்டம் இந்தக் குளியலறைக்குள் வரவில்லை. 1984-இல் போபால் நடந்த பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான ரசாயனங்களைப் பற்றித் தொழிலாளிக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். மிக நல்ல திருத்தம் அது. ஆனால் அந்தச் சட்டம் பொருள் உற்பத்தி செய்யும் ஆலைக்கு, அதிலும் மின்சாரம் இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கையை இருபது, நாற்பது என்று உயர்த்தியிருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் லாட்ஜை யார் வந்து பார்ப்பார்கள்? 2014-இல் அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது தண்ணீருக்காக எல்லோருமே மகிழ்ந்தோம், நானும்தான். அறையைக் கழுவுகிறவர்களின் நெஞ்சுக்கூட்டைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பிரிட்டனில் 1988-லேயே வேலையிடத்து ரசாயனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தார்கள். முதலாளி தன் இடத்தின் ஆபத்தைத் தானே மதிப்பிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆய்வுக்கூடமோ நிபுணரோ இல்லாத சின்ன நிறுவனங்களுக்காக ஓர் எளிய முறையையும் பிறகு வகுத்தார்கள். பொருள் எவ்வளவு கேடானது, எவ்வளவு புழங்குகிறது, எவ்வளவு எளிதாகக் காற்றில் கலக்கும் என்று மூன்று கேள்விகள். விடையைப் பொறுத்து, காற்றோட்டம் போதுமா, வாயுவை இழுத்து வெளியேற்ற வேண்டுமா, மூடிய அமைப்பே வேண்டுமா என்று முடிவு செய்யலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இதை ஒட்டி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. என் அனுபவத்தில் இதோடு நாலாவது கேள்வி ஒன்றும் வேண்டும். இது எதோடு சேரும்? இந்த நாலையும் ஊற்றுகிற ஆளிடமே கேட்க வேண்டும். கணக்குப்பிள்ளையிடம் கேட்டால் எத்தனை கேன் வாங்கினோம் என்பது மட்டும்தான் கிடைக்கும்.

சில வருடம் கழித்து வேறொரு லாட்ஜில் அறைகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதலில் லூஸ் ஆசிட்டை நிறுத்தினேன். எவ்வளவு வீரியம் என்று தெரியாத ஒன்றுக்கு எந்த மதிப்பீடும் செய்ய முடியாது. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்பு ஆயிலும் வெந்நீரும் போதும் என்றானது. உப்புக்கறைக்கு மளிகைக்கடையில் விற்கும் எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஊறவிட்டால் பெரும்பாலும் போய்விடுகிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். அதுவும் அமிலம்தான், ப்ளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் அதுவும் குளோரினைக் கிளப்பும். ஆகவே பவுடரை மாடிப்பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று வைத்தோம். பின்கட்டில் பூட்டிய டப்பாவில் இருக்கும். தொட்டிக்குப் போடுகிறவர் வெட்டவெளியில் வைத்து, அளவுக் கரண்டியால் எடுத்துக் கரைப்பார். குளியலறைகளில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட முதலாளி அண்ணாச்சியிடம் நிறையத் தடவை பேச வேண்டியிருந்தது. "கரண்டு பில்லு யார் கட்டுறது?" என்றார். என் கதையைச் சொன்ன பிறகு போட்டுக்கொடுத்தார். கடைசியாகத்தான் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வாங்கினோம்.

பெரும்பாலான இடங்களில் கடைசியில் வர வேண்டிய இதைத்தான் முதலில் செய்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். மூக்கில் துண்டு கட்டினால் தூசி கொஞ்சம் நிற்கும், வாயு நிற்காது. மருந்துக்கடையில் வாங்கும் முகக்கவசமும் அப்படித்தான். அமில வாயுவுக்கென்று தனி வடிகட்டி வைத்த கவசம் வேண்டும். குற்றாலத்தில் அதை மாட்டிக்கொண்டு அறை கழுவுகிறவரை நான் பார்த்ததில்லை. அது தேவைப்படாத மாதிரி வேலையை மாற்றுவதுதான் நம்மால் ஆகிற காரியம்.

தென்காசிக் கடைத்தெருவில் நடக்கும்போது இப்போதெல்லாம் கண் இப்படிப்பட்ட சின்ன வேலையிடங்கள் மேல்தான் போகிறது. நகைப்பட்டறையில் நைட்ரிக் அமிலத்தில் உலோகம் கரையும்போது கிளம்பும் செம்பழுப்புப் புகையும் குளோரினைப் போலவே ஏமாற்றும். பகலில் லேசான இருமல், ராத்திரி நெஞ்சில் நீர். பட்டறையில் ஒரே ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதையும் தங்கம் போய்விடுமோ என்று சாத்தியிருப்பார்கள். பேட்டரிக் கடை, வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட், சங்கரன்கோவில் பக்கம் நூலுக்குச் சாயம் போடும் இடம் என்று எல்லாமே ஐந்து பேர், ஆறு பேர் வேலை பார்க்கும் இடங்கள். நாலு கேள்விகளும் அங்கேயும் பொருந்தும்.

லாட்ஜோ ஹோட்டலோ பட்டறையோ நடத்துகிற அண்ணாச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். பெயர் ஒட்டாத பாட்டிலில் எதையும் வாங்காதீர்கள், குடிதண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதைத் தமிழிலும், வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள் வேலை பார்த்தால் இந்தியிலும், படம் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். நெடி ஏறி ஒருவர் இருமிக்கொண்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே அனுப்பாதீர்கள். கண் எரிந்தால் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரில் கழுவவிட்டு, 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இருமல் அடங்கிவிட்டது என்று அவர் சொன்னாலும் அனுப்புங்கள். அன்றையச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.