பங்குக் கிணறும் தொடர்மாடியும்

கோப்பாயில் எங்கள் தோட்டக் கிணற்றுக்கு நாலு பங்கு. உறுதியில் காணியின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதியிருக்கும். இறைப்பு முறை வந்தால் தண்ணீர் மாறக் கூலிக்கு ஆள் பிடிப்போம். ஆனால் விடிய எழும்பிக் கிணற்றை எட்டிப் பார்ப்பது பங்குக்காரர் வேலை. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற தண்ணீர் அது. அளவு மீறி இறைத்தால் உவர் ஏறும். ஏறினால் நாலு தோட்டத்துக்கும் கேடு.

வெள்ளவத்தையில் தொடர்மாடி பராமரிப்புக்கு வந்த பிறகு அந்தக் கிணறு அடிக்கடி என் நினைவுக்கு வருகிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் சொல்வது ஏறக்குறைய அதே பங்குக் கணக்குத்தான். வீடு தனி உடைமை. படிக்கட்டு, லிப்ட், தண்ணீர்த் தொட்டி, கூரை எல்லாம் பொது. வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்ததே முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். பராமரிப்புக் கொம்பனி அந்தக் கூட்டுத்தாபனம் கூலிக்குப் பிடிக்கிற ஆள். எங்கள் ஊரில் தண்ணீர் மாற வருகிறவரின் இடம் அது.

நான் பொறுப்பெடுத்த ஒரு கட்டடத்தில் தண்ணீர் பில் மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது. 'வீடுகளில் ஆட்கள் கூடிவிட்டார்கள்' என்பதே முன்பிருந்த கொம்பனியின் விளக்கம். பொருளாளர் இளைப்பாறிய ஆசிரியை. "தம்பி, எல்லாரும் நித்திரையாய் இருக்கேக்க மீற்றர் ஏன் ஓடுது?" என்று கேட்டார். அன்றிரவு 2 மணிக்கு வாசல் மீற்றரைக் குறித்தேன். 4 மணிக்குத் திரும்பப் பார்த்தபோது 600 லீற்றர் ஓடியிருந்தது. நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்தோம். மிதவை வால்வு மூடவில்லை. வழிந்த தண்ணீர் ஒரு குழாயால் மழைநீர்க் கானுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்த ஓட்டத்துக்கு நாளொன்றுக்கு ஏழு அலகுக்கு மேல் வீண்.

காவலாளியின் மேசையில் இருந்த பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'தொட்டி சரி' என்று மாதம் முழுக்க ஒரே பேனையால், ஒரே சாய்வில், சரி அடையாளம். அடுத்த நாளுக்கும் போட்டிருந்தது.

அதைப் போட்ட பையனில் எனக்குக் கோபம் வரவில்லை. பன்னிரண்டு மணித்தியால வேலை. வாசலும் அவன், மோட்டரும் அவன், வாகனத் தரிப்பிடமும் அவன். மூன்று கொட்டேஷன் எடுத்து ஆகக் குறைந்ததைக் கூட்டத்தில் கைதூக்கி ஏற்றால், குறைவது பெரும்பாலும் ஆட்களின் எண்ணிக்கைதான்.

அதற்குப் பிறகு நான் எழுதுகிற ஒப்பந்தங்களில் சில விஷயங்களை விட்டுக்கொடுப்பதில்லை. எத்தனை ஆட்கள், எந்த நேரத்துக்கு என்பது எழுத்தில் இருக்கவேண்டும். பதிவில் சரி அடையாளம் கூடாது. மீற்றர் இலக்கம், மோட்டர் ஓடிய மணித்தியாலம், டீசல் அளவு எனக் கண்ணால் பார்த்த எண் வேண்டும். லிப்ட் சேர்விஸ் பதிவு, குழாய் வரைபடம், சாவிகள் எல்லாம் கூட்டுத்தாபனத்தின் சொத்து. கொம்பனி மாறும்போது இவையும் போய்விட்டால் லிப்ட் கம்பி எப்போது மாற்றியது என்றுகூடப் புதியவருக்குத் தெரியாது. கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கிற ஊரில் அது உயிரோடு விளையாடுகிற காரியம். சேமநிதி வங்கிக் கணக்கில் கையெழுத்து வீட்டுக்காரருடையதாகவே இருக்கவேண்டும்.

இவ்வளவும் எழுதினாலும் ஒன்று மிஞ்சும். எங்கள் வீட்டுக்காரரில் பலர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். மாதக் காசு தவறாமல் வரும். பொதுக்கூட்டத்துக்கு ஆள் வராது. காசு கட்டிவிட்டால் பொறுப்பும் கைமாறிவிட்டது என்ற நினைப்பு. துப்புரவையும் காவலையும் கூலிக்கு விடலாம். எட்டிப் பார்ப்பதைக் கூலிக்கு விட முடியாது. அது பங்கோடு வந்த கடமை.

அந்தக் கட்டடத்தில் இப்போது மாதத்துக்கு ஒரு வீட்டுக்காரர் முறை எடுத்துத் தொட்டி மூடியைத் திறந்து பார்க்கிறார். வெளிநாட்டில் உள்ளவரின் முறையை வாடகைக்கு இருப்பவர் பார்க்கிறார். முதல் முறை எடுத்தவர் ஆசிரியை அக்கா. ரோர்ச் அடித்துக் குனிந்து பார்த்து, தண்ணீர் மட்டத்தை எண்ணால் எழுதிக் கையெழுத்து வைத்தார்.