பிடித்துக்கொள்வதும் தள்ளி நிற்பதும்



வட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். வேறு சிலர், சின்னச் சண்டை என்றாலும் மூன்று நாள் வாயே திறக்கமாட்டார்கள். இந்த இருவரும் நம் குடும்பங்களில் பல வேளை கணவன் மனைவியாகவே இருக்கிறார்கள்.

இந்தப் பயத்தின் வேர் சிறுவயதில் என்றார் ஜோன் பவுல்பி என்ற உளவியலாளர். ஆசிரியர்களான நாம் அதை வகுப்பிலேயே காண்கிறோம். உம்மா சவூதிக்குப் போன பிள்ளைகளில் ஒன்று நம் கையை விடாது; இன்னொன்று விழுந்து முழங்கால் கிழிந்தாலும் அழாது. உம்மாவில் குறையில்லை. கடனும் சீதன வீடும் அவரை அனுப்பிவைத்தன.

யோகம் என்றதும் நம்மில் சிலர் தயங்கலாம். ஆனால் பதஞ்சலியின் யோக நூலை 11ஆம் நூற்றாண்டிலேயே அரபியில் தந்தவர் நம் அல்பிரூனி. அறிவு என்று அவர் படித்ததை நாமும் படிக்கலாம்.

மனதை வருத்துபவை ஐந்து என்கிறார் பதஞ்சலி. அதில் இரண்டு, ராகமும் துவேஷமும். இன்பம் தந்ததைப் பிடித்துத் தொங்குவது ராகம். நோவு தந்ததை வெறுத்து விலகுவது துவேஷம். "எனக்கு யாரும் தேவையில்லை" என்பவரை நாம் உறுதியானவர் என்று நினைக்கிறோம். இந்தக் கணக்கில் அவரும் பழைய நோவில் கட்டுப்பட்டவர்தான்.

வழியும் இரண்டு: அப்பியாசம், வைராக்கியம்.

அப்பியாசம் என்றால் நீண்ட காலம், இடைவிடாமல், அக்கறையோடு செய்வது. எட்டு மணிக்கு கோல் எடுப்பதாகச் சொன்னால் எட்டு மணிக்கே எடுப்பது. கோபத்தில் "அஸருக்குப் பிறகு பேசுவோம்" என்றால், அஸருக்குப் பிறகு உண்மையாகவே பேசுவது. நம்பிக்கை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊறும்.

வைராக்கியம் அன்பைக் குறைப்பதல்ல, பிடியைத் தளர்த்துவது. பதில் வராத அந்தப் பத்து நிமிடத்தில் மூச்சை நிதானமாக விட்டு, "இது இன்றைய பயமா, சின்ன வயதுப் பயமா?" என்று நம்மையே கேட்பது.

ஒன்றை மறக்க வேண்டாம். அடியும் ஏச்சும் உள்ள வீட்டில் வரும் பயம் நியாயமான பயம். அங்கே பொறுமை சொல்லிக்கொடுக்காமல் உதவிக்குப் போவோம்.

மற்ற வீடுகளில், தொங்குபவரைத் தொல்லை என்றும் விலகுபவரைக் கல்நெஞ்சு என்றும் சொல்வதை இன்றோடு விடுவோம். இருவரும் பயந்தவர்கள்தான்.