நிரந்தரம் என்கிற வார்த்தை

இங்கே மஸ்கட்டில் என் மகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் டீச்சர் சித்தூர்க்காரர். ஊர்ப் பள்ளியில் வருஷக்கணக்காகத் 'தினக்கூலி டீச்சர்'. தேவிகுளம், பீர்மேடு பக்கத்துக்காரர்களுக்கும் இது புதுசில்லை. ஜூனில் வருவார், மார்ச்சில் போவார். அடுத்த ஜூனில் மறுபடி புது ஆள்தான். பி.எஸ்.சி. எழுதலாமே என்பீர்கள். வயது வரம்பு பொதுவில் 40, ஓ.பி.சி.க்கு 43. காத்திருந்தே அது தாண்டிவிடும்.

என்னை உறுத்துவது 2022-ல் நடந்தது. இடுக்கி உட்பட கேரள மலைக்குடிகளில் 1990களின் கடைசியிலிருந்து ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. ஒரே டீச்சர், நாலு வகுப்பு, மாசம் மதிப்பூதியம். அவற்றை மூடிவிட்டு, அந்த டீச்சர்களுக்கு அரசு கொடுத்தது பள்ளிக்கூடங்களில் துப்புரவு வேலை! பலருக்கு டீச்சர் பணிக்கான தகுதிப் படிப்பு இல்லை என்றார்கள், அது உண்மைதான். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் அ, ஆ சொல்லிக்கொடுத்தவர்களும் துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்களே, ஏன்?

பேங்க்காரனுக்கு இது புரியும். துப்புரவு வேலை நிரந்தரம். சம்பளச் சான்றிதழ் கிடைக்கும், அதை வைத்து லோன் கிடைக்கும். மதிப்பூதியக் கடிதத்தோடு ஒருவர் வீட்டுக் கடன் கேட்டு வந்தால், எந்த மேனேஜரும் தயங்குவார். நானும்தான்.

உங்கள் வீட்டில் தினக்கூலி டீச்சர் யாராவது உண்டா? எத்தனை வருஷமாக என்று எழுதுங்களேன்.