பெரிய துரை மாறுவாரா?

மாத்தளையில் ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டப் போனால் சலூனில் ஒரு மணித்தியாலமாவது காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். தோட்டங்களிலிருந்து டவுனுக்கு இறங்கிவரும் பையன்கள் வாங்கில் வரிசையாக உட்கார்ந்து முதல் நாள் இரவு பார்த்த இங்கிலாந்துக் கால்பந்தாட்டத்தை அலசுவார்கள். கோல் பற்றிய பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரே விசாரணைதான். தோற்ற டீமின் மனேஜர் இருப்பாரா, போவாரா? போனால் யார் எடுப்பார்கள்?

"இந்த மாசம் தாண்ட மாட்டான் அண்ணே. ஓனரு மொகத்த பாத்தீங்களா நேத்து?"

"டைம் குடுக்கணும்டா. வந்து எத்தன மாசம் ஆச்சு? அவன் கேட்ட ஆளுகள வாங்கிக் குடுத்தானுகளா மொதல்ல?"

"வெரட்டுனாலும் சவுதிக்காரன் தூக்கிக்குவான். நீ அவனுக்காகக் கவலப்படாத."

"சவுதிக்குப் போனா அவ்வளவுதான். திரும்ப பெரிய கிளப்பு கெடைக்காது."

இப்படிப் பேசுகிறவர்களில் ஒருவன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறவன். லீவில் வந்திருப்பான். இன்னொருவன் கார்மென்டில். மூன்றாமவனுக்கு நாட்கூலி. வேலை போவது என்றால் என்னவென்று இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதனாலோ என்னவோ, அந்த விசாரணையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆள் எப்போது வந்தார், வந்தபோது டீம் எந்த நிலையில் இருந்தது, எத்தனை பேருக்குக் காயம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான் தீர்ப்புக்கு வருவார்கள். கோர்ட்டில்கூட இவ்வளவு பொறுமை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் வாயில் அதிகம் அடிபடும் பெயர் ஆஞ்ச் பொஸ்டகோக்லு. 17 வருடமாக ஒரு கிண்ணமும் காணாத டொட்டன்ஹாமுக்கு 2025 மே 21இல் யூரோப்பா லீக்கை வென்று கொடுத்தவர். ஜூன் 6இல் அவரை அனுப்பிவிட்டார்கள். செப்டம்பரில் நொட்டிங்ஹாம் பொரஸ்ட் கூப்பிட்டது. 39 நாள்தான். செல்சியிடம் 3-0 என்று தோற்ற ஆட்டம் முடிந்து பார்வையாளர்கள் வீடு போய்ச் சேருமுன்பே வேலை போய்விட்டது. அந்த 39 நாளை இந்தப் பையன்கள் சொல்லும்போது குரல் இறங்கும். 2016இல் லெஸ்டரைச் சாம்பியனாக்கிய ரனியேரியை மறு வருடம் பெப்ரவரியிலேயே அனுப்பியதையும் அவர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. அப்போது அவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

டைம் கொடுக்க வேண்டும் என்கிற கட்சிக்கு எப்போதும் ஒரே சாட்சி பெர்குசன். அவர் 1986 நவம்பரில் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு வந்தார். மூன்று வருடம் கழித்தும் ஒன்றும் வெல்லவில்லை. 1989 டிசம்பரில் ஓல்ட் ட்ரபோர்ட் மைதானத்திலேயே ஒரு ரசிகர் 'போய்வா' என்கிற கருத்தில் பதாகை பிடித்தார். 1990 ஜனவரியில் எப்.ஏ. கிண்ண ஆட்டமொன்றில் மார்க் ரொபின்ஸ் என்ற இளைஞர் அடித்த ஒரே கோலில் யுனைட்டெட் தப்பியது. அந்த மே மாதம் கிண்ணமே கைக்கு வந்தது. லீக் பட்டத்துக்கு 1993 வரை பொறுக்க வேண்டியிருந்தது. 2013இல் ஓய்வு பெறும்போது மொத்தம் 38 கிண்ணம். அவருக்குப் பின் வந்த டேவிட் மோயஸுக்குப் பத்து மாதம்தான் கொடுத்தார்கள். அதே மோயஸ் 2023இல் வெஸ்ட் ஹாமுக்கு ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றை வென்று கொடுத்தார். வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் முடிந்துபோனவன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க எனக்குப் பந்து மறந்துவிடும். லயத்து வாசல்தான் ஞாபகம் வரும்.

என் தாத்தா இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களாத் தோட்டக்காரர். தோட்டத்து மனேஜரான பெரிய துரையின் பங்களாவைச் சுற்றியிருந்த பூச்செடிகளும் பழமரங்களும் அவர் பொறுப்பு. அந்த உத்தியோகத்தால் லயத்தில் அவருக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. துரை இருப்பாரா, மாறிப் போவாரா என்று முன்கூட்டிச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். பொழுது சாய்ந்தால் காம்பரா வாசலில் நாலு பேர் வந்து குந்துவார்கள். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சுற்றி வளைத்துக் கடைசியில் அதற்கு வருவார்கள். "என்னா பெரியவரே, தொர இருப்பாரா?"

தாத்தா உடனே வாய் திறக்க மாட்டார். அவருடைய கணக்கெல்லாம் செடியில் இருந்தது. துரை டாலியா, ஜெரனியம் என்று கேட்டால் அதில் சேதி ஒன்றும் இல்லை. அவை வந்துபோகும் பூக்கள். வெண்ணெய்ப்பழக் கன்றோ மங்குஸ்தான் கன்றோ வைக்கச் சொன்னால் மனுஷன் இருக்கப்போகிறார் என்று அர்த்தம். செடி பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டால் கட்டாயம் கிளம்புகிறார். சின்ன வயதில் நானும் அவரோடு பங்களாவுக்குப் போவேன். மாடிப்படியில் வரிசையாக வைத்திருந்த தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

ஒரு வருடம் துரை மங்குஸ்தானுக்குக் குழி வெட்டச் சொன்னார். தாத்தா சதுரமாக, பார்க்கவே அழகான ஒரு குழி வெட்டினார். அடியில் மாட்டெருவும் காய்ந்த கிளிசரியா இலையும் போட்டு ஆறவிட்டார். மழை தொடங்கியது. கன்று வைக்கச் சரியான நேரம். துரை ஒன்றும் கேட்கவில்லை. குழியில் தண்ணீர் கட்டி, தவளை குடிவந்து, ஓரமெல்லாம் சரிந்துவிட்டது. ஒரு நாள் துரை அந்தப் பக்கமாக இரண்டு தரம் நடந்து போனாராம், குழியைப் பார்க்கவே இல்லையாம். தாத்தா அன்று மாலை கைகால் கழுவிக்கொண்டு வந்து, "தொர போகப்போறாரு" என்றார். வாசலில் இருந்த ஒருவரும் பேசவில்லை.

அந்த மௌனத்தின் காரணம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. விடியற்காலை தப்புச் சத்தத்துக்கு எழும்பி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய் நின்றால், யார் எந்த மலைக்கு, எவ்வளவு கொழுந்துக்கு ஒரு பேர் (முழுநாள் சம்பளம்), எவ்வளவு குறைந்தால் அரைப்பேர் என்று தீர்மானிக்கிறவர் துரை. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை இறாத்தல் கழிப்பது என்பதும் அவர் மனசுதான். லயத்துக்குப் பின்னால் மரவள்ளி போட இவர் விட்டிருந்தார். அடுத்தவர் விடுவாரா? அப்பாயிக்கு அன்று இரவு முழுக்க அந்த மரவள்ளிக் கவலை. அது முற்றுவதற்கு இன்னும் நாள் இருந்தது.

துரை போனார். மாலை போட்டார்கள், தப்படித்தார்கள். புதியவர் வந்து லயத்துக்குப் பின்னாலிருந்த வேலியைப் பிடுங்கச் சொன்னார். மரவள்ளியைப் பிஞ்சாகவே கிண்டி எடுத்து அவித்துத் தின்றோம். இதெல்லாம் நடந்தும், கொஞ்ச நாள் கழித்து வாசலில் கூடியவர்கள் பழைய துரையைப் பற்றித்தான் விசாரித்தார்கள். திம்புள்ளைப் பக்கம் பெரிய தோட்டமாகக் கிடைத்தது என்று பங்களாச் சமையல்கார அப்பு சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டதும் தாத்தாவுக்கு முகம் மலர்ந்தது. "நல்ல மனுசன். புள்ள குட்டிக்காரரு. நல்லா இருக்கட்டும்" என்றார். சலூனில் பையன்கள் 'அடுத்து எந்தக் கிளப்பு?' என்று கவலைப்படும்போது எனக்குக் கேட்பது அந்தக் குரல்தான்.

மனேஜர் நிலைப்பாரா என்று பேசுவது மலையகத்தில் புதுப் பழக்கமில்லை. அது எங்கள் பழைய கலை. 1975இல் அரசாங்கம் கம்பெனித் தோட்டங்களை எடுத்தபோது பெரட்டில் வேறு பேச்சே இல்லை. ஒரேயடியாகத் துரைமார் மாறினார்கள். 1992இல் நிர்வாகம் திரும்பவும் கம்பெனிகளிடம் போனபோதும் அதே பேச்சு. இத்தனை மாற்றத்திலும் யாரை வைப்பது, யாரை அனுப்புவது என்று பெரட்டில் நின்றவர்களிடம் ஒருவரும் கேட்டதில்லை. அவர்களால் ஊகிக்க மட்டும்தான் முடிந்தது. அந்த ஊகத்தை அவர்கள் ஒரு வித்தையாக வளர்த்துக்கொண்டார்கள்.

தொழிலாளியின் சொந்த வேலை மாற்றம் வேறு விதம். பழைய காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். இன்னாருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் கடனைக் கட்டும், ஆள் கைமாறுவான், கடனும் அவன் தலையோடு கூடவே போகும். 1921இல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். இன்ன வீரரை இத்தனை மில்லியனுக்கு வாங்கினார்கள் என்று பையன்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குத் துண்டு ஞாபகம் வருவதைத் தடுக்க முடிவதில்லை. வீரருக்கு அதில் பங்கு உண்டு, கையெழுத்துப் போடாமல் நிற்க உரிமையும் உண்டு. எங்கள் பாட்டன்மாருக்கு இரண்டும் இல்லை.

தாத்தாவின் செடிக் கணக்கில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உக்குவளை, பலாபத்வெல பக்கம் சாதிக்காய் வளர்க்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். விதை போட்டு வளர்த்த கன்று ஆணா பெண்ணா என்று பூக்கும் வரை தெரியாது. பூக்க ஆறு ஏழு வருடமாவது ஆகும். ஆண் மரம் காய்க்காது. அத்தனை வருடம் எருப்போட்டு, நிழல் பார்த்து, களை எடுத்துத்தான் அறிய முடியும். அவசரக்காரன் மூன்றாம் வருடம் வெட்டினால் எதை வெட்டினோம் என்றே அவனுக்குத் தெரியாது. காய் வெடித்து உள்ளே செக்கச்செவேலென்று சாதிபத்திரி தெரியும் அந்த நாளைப் பார்க்கப் பொறுமை வேண்டும். கோச்சர்மாரும் இந்த இனம்தான் என்பது என் துணிபு.

இப்போது என் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நுணுக்கம் தெரிந்த சலூனில் ஒரு நாள் கேட்டேன்: "நம்ம நாட்டு டீமுக்கு இப்ப யாரு கோச்சர்?" ஒருவருக்கும் பெயர் வரவில்லை. மாத்தளை ஹொக்கிக்குப் பேர் போன ஊர். பந்தை உதைக்கிற தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரட்டுக்களத்தை விட்டால் சமதரை கிடையாது, பந்து சரிவில் உருண்டால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும். அதனால் தேசிய அணி தூரத்து விஷயமாகிவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. மன்செஸ்டர் அதைவிடத் தூரம்.

1980களில் டாக்கா அபாஹனி அணிக்கு ஆடி அங்கே பெரும் பெயர் எடுத்த பக்கீர் அலி நம் அணியைப் பயிற்றுவித்தார். 2019 ஒக்டோபரில் தென்கொரியாவிடம் 8-0 என்று தோற்றபோது அவர்தான் பொறுப்பில் இருந்தார். 2020இல் அவருடைய இடத்துக்கு அமிர் அலாகிச் வந்தார். 2021 ஜூனில் லெபனானிடம் 3-2 என்று தோற்ற ஆட்டத்தில் வசீம் ராசீக் இரண்டு கோல் போட்டார். தோல்விதான், ஆனால் அந்த மாலை எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. 2022இல் வந்தவர் அன்டி மொரிசன். 1999இல் மன்செஸ்டர் சிட்டி வெம்ப்ளியில் போராடி மேலேறியபோது அதன் தலைவராக இருந்தவர். அவர் வந்த பிறகு, கால்பந்தாட்ட சம்மேளன நிர்வாகக் குழப்பத்தால் பீபா 2023 ஜனவரியில் இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் வரை தடை. அதாவது பயிற்றுவிப்பாளர் இருக்கிறார், ஆட அணிக்கு அனுமதி இல்லை. சிட்டியைப் பற்றி நாள் முழுக்கப் பேசும் பையன்கள், அதே சிட்டியின் பழைய தலைவர் நம் நாட்டில் வேலை செய்துகொண்டிருந்ததை அறியவில்லை.

2024இல் குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல்முதைரி வந்தார். 2021இல் நேபாளத்தைத் தெற்காசிய இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனவர். அந்த செப்டம்பரில் கம்போடியாவை அவர்கள் நாட்டிலேயே பெனால்டியில் வென்றோம். 2025 ஜூனில் கொழும்பில் சைனீஸ் தாய்ப்பேயை 3-1 என்று வென்றோம். உலகத் தரவரிசையில் 200ஐத் தாண்டிக் கிடந்த அணி இது. வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் ஒன்றாக ஆடவைக்க நாள் பிடிக்கும். அந்த நாளை யார் கேட்டு வாங்கிக் கொடுப்பது? இங்கே ஒருவர் வருகிறார், போகிறார். ஏன் வந்தார், எத்தனை வருடத்துக்கு வந்தார், ஏன் போனார் என்று கேட்க வாசலில் நாலு பேர் இல்லை. எங்கள் தாத்தாமாருக்குக் கேட்க உரிமை இல்லாதிருந்தும் கேட்டார்கள். நமக்கு உரிமை இருக்கிறது.

தேசிய அணிப் பயிற்றுவிப்பாளர் யாராக இருந்தாலும் அவருக்குக் குறைந்தது நான்கு வருடம் கொடுக்க வேண்டும். இடையில் அனுப்புவதானால் கால்பந்தாட்ட சம்மேளனம் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். மாத்தளைச் சலூன்களில் வாங்கில் காத்திருக்கும் தம்பிமாரே, மன்செஸ்டருக்கு ஒரு மணித்தியாலம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இலங்கை ஆடும் வாரத்தில் மட்டும் அதில் பத்து நிமிடத்தை நம் கோச்சருக்கு ஒதுக்குங்கள்.