வாக்காளர் அட்டையிலிருந்து ஓர் அம்மா

மேசையில் ஒரு வாக்காளர் அட்டை கிடந்தது. பிளாஸ்டிக் உறை மஞ்சளேறி ஓரம் பிரிந்திருந்தது. உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, கறுப்பு வெள்ளை முகம். அறுபதை ஒட்டிய பெண்மணி. காதுவரை இழுத்துப் போர்த்திய முந்தானை, மிரண்ட கண்கள்.

"ஆதார்லயும் படம் இருக்கு. ஆனா அது படுக்கையில விழுந்த பெறகு எடுத்தது. அது வேண்டாங்காக" என்றார் பெரியவர்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் இந்த முகம் பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலமாக வளர்ந்து, சட்டம் போட்டு, மாலை ஏற்கத் தயாராக வேண்டும். மிரட்சி போக வேண்டும். லேசாக ஒரு சிரிப்பும் வேண்டும் என்று அந்த அம்மாவின் மகன் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

கோவில்பட்டியில் அந்த ஸ்டுடியோவுக்கு இரண்டு முகங்கள். முன்கடையில் பெரியவரின் மகன் கணினிக்கு முன் உட்கார்ந்து பாஸ்போர்ட் சைஸ் படங்களை எடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார். பின்னறையில், ஒரு காலத்தில் டார்க் ரூமாக இருந்த இடத்தில், சுவரை இடித்து ஜன்னல் வைத்துக்கொண்டு அப்பா தூரிகையோடு இருக்கிறார். நான் பார்க்க வந்தது பின்னறையை. மதுரையில் உருவப்படங்கள் எடுப்பதும் வரைவதும்தான் என் பிழைப்பு. உயிரோடு இருப்பவர்களை எதிரே உட்காரவைத்து, பேச்சுக்கொடுத்து, அவர்கள் கேமராவை மறக்கும் நொடிக்குக் காத்திருப்பது என் வழக்கம். அப்படி எடுத்தவற்றைக் கண்காட்சியில் மாட்டினால் 'உணர்ச்சிகரமான படம்' என்கிறார்கள். சொல்பவர்களில் யாருக்கும் படத்தில் இருப்பவரைத் தெரியாது. கிழவிகளின் சுருக்கம் விழுந்த முகம் என்றால் பாராட்டு இன்னும் கூடும். கொஞ்ச காலமாகவே இந்தப் பாராட்டு எனக்கு நெருடிக்கொண்டிருந்தது. படத்தில் இருப்பவரைத் தெரிந்தவர்களுக்காக மட்டுமே படம் செய்கிற ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்காகக் கோவில்பட்டிக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன இந்த ஊர், நம் வீட்டுச் சாமிகளின் முகங்கள் உருவான ஊரும்கூட. 1898-ல் பிறந்த கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் சில காலம் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனியில் சீன் எழுதுகிறவராக ஊர் ஊராகப் போனார். 1940களில் கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டராகி வீடுவீடாகப் போனார்கள். 1976-ல் அவர் மறைந்தார். அந்தக் கூட்டம் சாமி படத்தோடு நிற்கவில்லை என்பது அதிகம் பேசப்படாத சேதி. அவர்களுடைய ஸ்டுடியோவிலேயே புகைப்படமும் ஓவியமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஸ்டுடியோ பின்னணித் திரை எழுதுவது, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றுவது, இறந்தவர் படத்தைப் பெரிதாக்கித் தீட்டிக் கொடுப்பது எல்லாம் ஒரே கைகளின் வேலைதான். நம் பெரியவர் அந்தப் பட்டறையில் கற்றவர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தவர். தூரிகை கழுவுவதற்கே இரண்டு வருஷம் என்றார். அதில் கொஞ்சம் மிகை இருக்கலாம்.

பின்னறை மூலையில் சாய்வான மரப்பெட்டி ஒன்று தூசி படிந்து நின்றது. மேல்பக்கம் பால் கண்ணாடி, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் அடிக்கண்ணாடியில் பட்டு மேலேறி நெகடிவை ஊடுருவும். டச்சிங் வேலை நடந்தது இதன் மேல்தான். நெகடிவில் எல்லாமே தலைகீழ்: நிழல் தெளிவாகவும் வெளிச்சம் கருப்பாகவும் இருக்கும். கன்னச் சுருக்கம் நெகடிவில் ஒரு தெளிந்த கோடு. டர்பென்டைனில் கரைத்த பிசினைத் துளி தடவி, உப்புத்தாளில் ஊசிபோலத் தீட்டிய பென்சிலால் அந்தக் கோட்டைப் புள்ளி புள்ளியாக அடைத்துவந்தால், அச்சில் சுருக்கம் மங்கும். எதையாவது கருப்பாக்க வேண்டுமென்றால் பிளேடு நுனியால் மருந்துப் பூச்சைச் சுரண்ட வேண்டும். கை ஒரு மயிரிழை நழுவினால் நெகடிவ் போச்சு.

"சுருக்கத்த முழுசா எடுத்தா ஆளே மாறிப்போவாக தம்பி. பாதி எடுக்கணும். எது பாதிங்கிறதுதான் தொழில்."

சுருக்கத்தை விரும்பிப் போய்ப் படமெடுக்கிற ஆள் நான். அதைக் குறைக்கச் சொல்லித்தான் இங்கே ஜனங்கள் பணம் கொடுக்கிறார்கள். இதை வெறும் அலங்கார ஆசை என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். பெரியவரின் எண்ணம் வேறு. கடைசி மூன்று வருஷம் படுக்கையில் வைத்துப் பீ மூத்திரம் அள்ளிய மகளுக்கு அந்தச் சுருக்கம் முழுக்க அந்த மூன்று வருஷம்தான். அவளுக்கு அதற்கு முந்தைய அம்மா வேண்டியிருக்கிறது என்றார். கண்காட்சிக்கு வந்தவர்கள் சுருக்கத்தின் முன் நின்று நெகிழ்ந்ததற்குக் காரணம், அவர்கள் அந்தப் படுக்கையின் பக்கத்தில் இருந்ததில்லை என்பதுதானோ?

டச்சிங்குக்கு அந்தக் காலத்துப் பிலிமும் ஒரு காரணம். முந்தைய பிளேட்டுகளும் பிலிம்களும் சிவப்பு வெளிச்சத்தை உணராதவை. நம் தோல் நிறத்தில் சிவப்புச் சாயல் கூடுதல் என்பதால் முகம் இருப்பதைவிடக் கருப்பாக விழும். குங்குமப் பொட்டு மை வைத்ததுபோல் விழும். ஸ்டுடியோக்களில் கண்ணாடி, சீப்போடு பவுடர் டப்பாவும் இருந்ததில் நிறமோகத்தின் பங்கு இல்லாமல் இல்லை. ரசாயனத்தின் பங்கும் இருந்தது. பவுடர் அப்பியும் போதாததை டச்சிங் பென்சில் சரிக்கட்டியது.

பெரியவர் அதிகம் பேசியது கண்களைப் பற்றி. சிறுவனாக இருந்தபோது சாவு வீடுகளுக்குக் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். உயிரோடு இருந்தவரை ஸ்டுடியோ பக்கமே வராதவரைக் குளிப்பாட்டி, பட்டு உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, சொந்தபந்தம் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். அதுவே அவருடைய முதல் படமும் கடைசிப் படமும். அந்தப் படத்திலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி, நாடிக்கட்டை அழித்து, மூக்குப் பஞ்சை அழித்து, மூடிய கண்ணைத் திறக்க வேண்டும். இமையை அழித்துக் கண் எழுதுவது பெரிய வித்தையில்லையாம். யாருடைய கண்ணை எழுதுவது என்பதுதான் கேள்வி.

"பிள்ளைக சுத்தி நிக்குதுல்லா. அதுகள்ல எது மூக்கு முழி செத்தவர உரிச்சு வச்சிருக்குன்னு பாப்பேன். அந்தக் கண்ண எடுத்து இங்க வைப்பேன். படத்தப் பாத்த உடனே, அய்யா என்னயப் பாக்காகன்னு அழும்ங்க. அதுகளுக்கு வெவரம் தெரியாது."

கண்மணியில் வைக்கும் வெள்ளைப் புள்ளிக்கும் கணக்கு இருக்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒன்று துளி விலகினாலும் பார்வை கோணிவிடும். புள்ளியே இல்லாவிட்டால் கண் கல்லாகிவிடும். நானும் விளக்குகளை நகர்த்தி நகர்த்தித் தேடுவது இந்தப் புள்ளியைத்தான். எனக்கு அது குடை விளக்கிலிருந்து வருகிறது. அவருக்கு மூன்றாம் நம்பர் தூரிகையின் நுனியிலிருந்து வருகிறது.

பொட்டு இன்னொரு பெரிய விவகாரம். சுமங்கலியாகப் போனவருக்கு நெற்றி நிறைய வைக்கச் சொல்வார்கள். கணவனுக்குப் பின் இருபது வருஷம் வாழ்ந்து போனவருக்கு வைப்பதா வேண்டாமா என்று கடை வாசலிலேயே சண்டை நடந்திருக்கிறதாம். மூத்த மருமகள் வேண்டாம் என்பாள், மகள் வை என்பாள். நகை வேண்டுதலும் உண்டு: ஆயுசுக்கும் கண்டிராத அட்டிகை படத்தில் ஏறும். மேல்சட்டை இல்லாமல் வாழ்ந்து முடிந்த சம்சாரிக்குக் கோட்டுப் போடச் சொன்னவர்கள் உண்டு. போட்டுக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "போட்டுத்தான் குடுத்தேன். அவுக உடுத்தக் குடுத்துவைக்கல, மகன் உடுத்துதான்னு நெனைச்சுக்கிட வேண்டியதுதான்."

கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு ஜூலியா மார்கரெட் கேமரூன் நினைப்பு வந்தது. உருவப்படத்தில் உணர்ச்சியைக் கொண்டுவந்தவர் என்று எங்கள் தொழிலில் தூக்கிப் பிடிக்கப்படுபவர். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் நாற்பத்தெட்டு வயதில் மகள் பரிசளித்த கேமராவோடு தொடங்கியவர். கவிஞர் டென்னிசன், விஞ்ஞானி ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களை வேண்டுமென்றே லேசாகக் கலங்கலாக எடுத்தார். 1875-ல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879-ல் அங்கேயே இறக்கும்வரை, களுத்துறைப் பக்கத்தில் தோட்ட வேலைக்காரர்களையும் எடுத்தார்; அவர்களில் தமிழர்களும் உண்டு. அழகான படங்கள்தான். டென்னிசனுக்குப் பெயர் உண்டு, ஹெர்ஷலுக்குப் பெயர் உண்டு. இந்த வேலைக்காரர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. அந்தப் படங்களில் ஒன்றாவது எடுக்கப்பட்டவரின் வீட்டுச் சுவருக்குப் போயிருக்குமா, 'எங்க ஆத்தா வாய் இப்படி இருக்காது' என்று யாராவது ஒரு திருத்தம் சொல்லியிருப்பார்களா? மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கோவில்பட்டிக்குப் போய்வந்தபின் அந்தப் படங்களை என்னால் பழைய மாதிரிப் பார்க்க முடியவில்லை.

இன்றைய வேலைமுறை பாதிக் கணினி, பாதிக் கை. மகன் அட்டையை ஸ்கேன் செய்து பெரிதாக்கி, முத்திரை மை விழுந்த இடங்களை நீக்கி, தடித்த மேட் தாளில் மிக வெளிறலாக அச்செடுத்துக் கொடுக்கிறார். அதன் மேல் அப்பா கரித்தூளைப் பஞ்சில் தொட்டு நிழல்களை ஏற்றி, பிறகு வண்ணம் வைக்கிறார். முடிந்ததும் அதையே மறுபடி படமெடுத்து, எத்தனை பிரதி வேண்டுமோ அத்தனை போடுகிறார்கள். அட்டைப் படத்தை அத்தனை பெரிதாக்கும்போது மூக்கும் வாயும் வெறும் புள்ளிக் கூட்டமாகிவிடும்; அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் உதட்டை முடிவுசெய்வது வரைகிறவரின் பொறுப்பு.

1993-ல் டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது கொண்டுவந்த அடையாள அட்டைதான் கரிசல் கிராமங்களில் நிறையக் கிழவன் கிழவிகளுக்குத் தனியாக எடுத்த முதல் படம் என்கிறார் பெரியவர். ஓட்டுக்காக எடுத்த அந்த மிரண்ட முகங்கள் முப்பது வருஷம் கழித்து இவர் மேசைக்கு வருகின்றன.

மகனுக்கு இந்தக் கைவேலையில் நம்பிக்கை குறைவு. அவர் செல்போனில் ஒரு செயலியைக் காட்டினார்: பழைய படத்தைக் கொடுத்தால் வண்ணமாகி, கண் சிமிட்டி, தலையைத் திருப்பிச் சிரிக்கிறது. நொடியில் வேலை முடிந்துவிடுகிறது, நன்றாகவும் இருக்கிறது. இல்லையென்று சொல்ல முடியாது. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே பல்லு வரிசையா வைக்குதேய்யா. அந்தத் தாத்தாவுக்கு முன்பல்லே கிடையாது" என்று மட்டும் சொன்னார். மகன் சிரித்துவிட்டு, பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்த பையனைக் கவனிக்கப் போனார். எனக்கென்னவோ இருவரும் சண்டை போட வேண்டிய அவசியம் இல்லை என்று பட்டது. பல் கிடையாது என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் செயலியும் கரித்தூள் மாதிரி ஒரு சாமான்தான்.

மாலையில் அட்டைக்காரர் வந்தார். கூடவே திருப்பூரிலிருந்து வந்திருந்த தங்கை. படம் பாதி முடிந்த நிலையில் பலகையில் இருந்தது. மிரட்சி போயிருந்தது. உதட்டோரம் சிரிப்பு என்று சொல்லவும் முடியாத ஒன்று தொடங்கியிருந்தது.

"எங்கம்மா இப்படிச் சிரிக்க மாட்டா" என்றார் தங்கை உடனே.

"நீ பெறக்கதுக்கு முந்தி சிரிச்சிருக்கா. ஒனக்கு என்ன தெரியும்?" என்றார் அண்ணன்.

பெரியவர் தலையிடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, காதைப் பற்றிக் கேட்டார். அட்டையில் காது முந்தானைக்குள் மறைந்திருக்கிறது. பெரிய படத்தில் முந்தானையைக் கொஞ்சம் விலக்கினால்தான் முகம் எடுப்பாக இருக்கும். வளர்த்த காதா?

வளர்த்த காதுதான். அண்ணனுக்குப் பாம்படம் போட்ட அம்மாவைத்தான் நினைவிருக்கிறது. பாம்படம் வைத்தே ஆக வேண்டும் என்றார். தங்கை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தப் பாம்படத்த வித்துத்தான என்னயக் கட்டிக்குடுத்தா. பெறகு சாகுந்தன்னியும் வெறுங்காதுதான். எனக்குத் தெரிஞ்ச அம்மா வெறுங்காது. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் கையமர்த்தினார். "ரெண்டாப் போட்டுருவோம். ஒங்களுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு. சட்டம் ரெண்டு ஆகும், கூலியும் ரெண்டு வேலைக் கூலி." இரண்டுக்கும் தானே தருவதாக அண்ணன் சொன்னார்; தன் படத்துக்குத் தானே தருவதாகத் தங்கை பர்ஸைத் திறந்தார். அந்த வாக்குவாதம் படத்தைப் பற்றிய வாக்குவாதத்தைவிட நீளமாகப் போனது. கடைசியில் ஆளுக்குப் பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு பெரியவர் முன்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏய்யா, நோட்டுல எழுதிக்கோ. கோவில்பட்டிக்குப் பாம்படம் உண்டு, சிரிப்பு உண்டு. திருப்பூருக்கு ரெண்டும் கிடையாது. மாத்திக் குடுத்துராத."